அழகான கூரை, யார் கையில் சாவி?

‘எஸ்டேட் வீடு’ என்று நம்மூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர் மனதில் ஒரு நீள வரிசை வரும். தகரக் கூரை, பலகைச் சுவர், பக்கத்து வீட்டு இருமல் கேட்கும் தடுப்பு, வரிசையின் கோடியில் பொதுக் குழாய். லயம். அதே சொல்லை இங்கிலாந்தில் ஒருவரிடம் சொன்னால் அவர் காண்பது வேறு. செங்குத்தாக இறங்கும் கூரை, அதன் விளிம்பில் சரிகை மாதிரி செதுக்கிய மரப்பட்டி, கரும்புக் கட்டு போல உயர்ந்து நிற்கும் செங்கல் புகைபோக்கிகள், சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் கோர்த்த சின்ன ஜன்னல், வாசல் மேல் ரோஜாக் கொடி. விக்டோரியா காலத்து எஸ்டேட் காட்டேஜ்.

அங்கே எஸ்டேட் என்றால் பால்மரக் காடு இல்லை. ஒரு பிரபுவுக்குச் சொந்தமான மொத்த நிலம். நடுவில் மாளிகை, சுற்றிப் பூங்கா, அதற்கு அப்பால் குத்தகைக்கு விட்ட பண்ணைகள், வேட்டைக் காடு, ஓரத்தில் ஒரு கிராமம். வீடு, பள்ளிக்கூடம், கிணறு, சில ஊர்களில் மதுக்கடை வரை எல்லாம் ஒருவர் சொத்து. அந்தக் கிராமத்தில் அந்த நிலத்தில் உழைப்பவர்களுக்காக நிலக்காரர் கட்டியதுதான் எஸ்டேட் காட்டேஜ்.

இந்த வீடுகளின் படங்கள் இன்று நம் பிள்ளைகளின் இன்ஸ்டாகிராமில் ‘காட்டேஜ்கோர்’ என்ற பெயரில் சுற்றுகின்றன. கேமரன் மலையில் 1930களில் கட்டிய ஸ்மோக் ஹவுஸ் முன்னால் நின்று படம் எடுக்காத மலேசியர் குறைவு. வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், புகைபோக்கி. “அழகா இருக்கு லா.” இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை.

என் சண்டை வேறு ஒரு வாதத்தோடு. இலக்கியக் கூட்டம் முடிந்து தே தாரிக் குடிக்கும்போது அதை அடிக்கடி கேட்கிறேன். “வெள்ளைக்காரன் அவன் ஊர்க் கூலிக்கு எப்படி வீடு கட்டிக் குடுத்திருக்கான் பாரு. நமக்கு மட்டும்தான் லயம்.” இதிலுள்ள கோபம் நியாயமானது. வாதம்தான் தப்பு. லயத்தின் குற்றம் அதன் அவலட்சணம் என்று இது சொல்கிறது. அப்படியென்றால் லயத்துக்கு ஓடு வேய்ந்து, ரோஜாக் கொடி படரவிட்டு, ஜன்னலுக்குச் சாயம் அடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்குமா? இங்கிலாந்தின் எஸ்டேட் கிராமங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

பார்ப்பவனுக்காகக் கட்டிய வீடு

டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு அருகில் எடென்சர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. எழுத்தில்தான் எடென்சர், ஊர்க்காரர் வாயில் ‘என்சர்’. பழைய எடென்சர் பூங்காவுக்குள் இருந்தது. அதன் ஒரு பகுதியை 18ஆம் நூற்றாண்டிலேயே அகற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்ததை 1830களின் கடைசியில் ஆறாவது டெவன்ஷயர் கோமகன் அகற்றி, மாளிகையின் கண்ணில் படாத இடத்தில் புதிதாகக் கட்டவைத்தார். வேலையைப் பார்த்தவர்கள் அவருடைய தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டனும் கட்டடக் கலைஞர் ஜான் ராபர்ட்சனும். இதே பாக்ஸ்டன்தான் பிறகு 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகையைக் கட்டி உலகப் புகழ் பெற்றவர்.

புது எடென்சரில் ஒரு வீடு போல இன்னொரு வீடு இல்லை. ஒன்று சுவிஸ் மலைவீடு, ஒன்று இத்தாலியக் கோபுரம் வைத்தது, ஒன்று டியூடர் காலத்துப் புகைபோக்கி, ஒன்று நார்மன் வளைவு. கட்டட மாதிரிப் புத்தகம் ஒன்றை அப்படியே தரையில் பரப்பிவைத்தது மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட புத்தகங்கள் அப்போது நிறைய வந்தன. 1833இல் ஜே. சி. லௌடன் வெளியிட்ட காட்டேஜ் கட்டடக் கலைக் களஞ்சியம் அவற்றில் பெரியது. நிலக்காரர்கள் அதைப் புரட்டி வீடு தேர்ந்தெடுத்தார்கள். அந்த வீட்டில் வாழப்போகிறவரிடம் யாரும் புத்தகத்தை நீட்டவில்லை.

இந்த ரசனைக்கு முன்னோடி பிரிஸ்டல் அருகிலுள்ள பிளேய்ஸ் ஹேம்லெட். 1811 வாக்கில் ஜான் நாஷ் ஒரு வங்கிக்காரருக்காக வடிவமைத்த ஒன்பது வீடுகள், நடுவில் ஒரு பசும்புல் திடல். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பணியாளர்களுக்கு. ஒன்பதும் ஒன்பது விதம். பார்க்கிறவர் கண்ணுக்கு அலுக்கக் கூடாது என்பதே கணக்கு.

ஸ்டாஃபர்ட்ஷயரின் ஐலம் கிராமத்துக்கு வாருங்கள். அந்த மலைப் பகுதியில் வீடு என்றால் உள்ளூர்ச் சாம்பல் நிறக் கல். ஆனால் அங்கே ஜெஸ்ஸி வாட்ஸ்-ரஸ்ஸல் என்ற செல்வந்தருக்காக ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கட்டிய வீடுகளின் மேல்சுவரில் மீன்செதில் போல ஓடுகள் தொங்குகின்றன. அது தெற்கே கென்ட், சர்ரே பக்கத்து வழக்கம். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டியவர்களின் கைப்பழக்கத்துக்கு இதில் இடமில்லை. நம்மூரில் ‘பாரம்பரியக் கிராமிய அழகு’ என்று நாம் ரசிப்பது, பல இடங்களில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. கேமரன் மலையில் ஒட்டியது மட்டும்தான் போலி என்று நினைக்க வேண்டாம். அங்கேயே அது ஒட்டுதான்.

பெட்ஃபர்ட்ஷயரின் ஓல்ட் வார்டன் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வீட்டுக் கதவுச் சாயத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஊர் மக்களைச் சிவப்பு அங்கியும் உயரத் தொப்பியும் போடச் சொன்னாராம் நிலக்காரர். உண்மையோ பொய்யோ, அப்படியொரு கதை பிறந்து நிலைத்ததே போதும். வீட்டை அலங்கரித்தவர் குடியிருப்பவரையும் அலங்காரத்தில் சேர்த்துக்கொள்வார் என்று ஊர் புரிந்துவைத்திருந்தது.

கட்டடத்தையே கேட்டாலும் இதைத்தான் சொல்லும். செதுக்கலும் புகைபோக்கியும் பல இடங்களில் சாலைக்குத் தெரியும் பக்கத்தில் இருக்கும். பின்பக்கம் வெறும் சுவர், துவைக்கும் கொட்டகை, கழிப்பறை, பன்றிக் கொட்டில். சாய்சதுரக் கண்ணாடி பார்க்க அழகு, ஆனால் ஈயக் கோடுகள் வெளிச்சத்தைத் தின்றுவிடும். செங்குத்துக் கூரை வண்டியில் போகிறவருக்கு ஓவியம். அதற்குக் கீழே மாடியறையில் படுப்பவருக்கு அது தலை இடிக்கும் சாய்வு. சுவரில் பதித்த கல்லில் ஆண்டும் நிலக்காரரின் பெயரெழுத்தும் இருக்கும், சில இடங்களில் மேலே ஒரு சின்னக் கிரீடம். குடியிருப்பவர் பெயர் எங்கேயும் இருக்காது.

சரி, நல்ல வீடுதானே?

இங்கே எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். “இதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் இருந்த குடிசையை விட இது நல்ல வீடுதானே?”

ஆமாம். நல்ல வீடுதான். 1850-51இல் இங்கிலாந்தைச் சுற்றிவந்த ஜேம்ஸ் கெயர்டின் கணக்குப்படி, வட மாவட்டங்களில் விவசாயக் கூலி வாரத்துக்குச் சராசரி 11 ஷில்லிங் 6 பென்ஸ், தெற்கில் 8 ஷில்லிங் 5 பென்ஸ். அந்தக் கூலியில் ஒருவர் தானாக நல்ல வீடு கட்டுவதும் முடியாது, நல்ல வீட்டுக்கு வாடகை கொடுப்பதும் முடியாது. 1864இல் டாக்டர் ஹென்றி ஜூலியன் ஹண்டர் அரசுக்காகக் கிராமத் தொழிலாளர் வீடுகளை ஆராய்ந்தார். கணக்கெடுத்த 5,375 வீடுகளில் 2,195க்கு ஒரே ஒரு படுக்கையறை. 2,930க்கு இரண்டு. இரண்டுக்கு மேல் இருந்தவை வெறும் 250. இந்த எண்களை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் எடுத்தாண்டார்.

இந்தப் பின்னணியில் மூன்று படுக்கையறை கொண்ட எஸ்டேட் காட்டேஜ் ஒரு முன்னேற்றம். பெற்றோருக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. 1851 கண்காட்சியில் இளவரசர் ஆல்பர்ட்டின் ஆதரவில் ஹென்றி ராபர்ட்ஸ் கட்டிக் காட்டிய நான்கு குடும்ப மாதிரி வீட்டிலும் இதே ஏற்பாடுதான். அப்போதே ஏழாவது பெட்ஃபர்ட் கோமகன் தன் பண்ணை வீடுகளின் வரைபடங்களை வெளியிட்டிருந்தார். அவர் வீடுகளில் செதுக்கலும் பூவேலையும் அதிகம் இல்லை. உறுதியான செங்கல், உலர்ந்த தரை, ஒழுங்கான அடுப்பு. கட்டியவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்கள் இருந்தார்கள். போட்ட பணத்துக்கு வாடகை சொற்பம் என்பதும் உண்மை.

இதையெல்லாம் ஒத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்கிறேன். எத்தனை பேருக்குக் கிடைத்தது? என்ன விலைக்குக் கிடைத்தது?

முதல் கேள்விக்கு வருவோம். அந்தக் காலத்து ஏழைகள் சட்டப்படி, ஒரு கிராமத்தின் ஏழையை அந்தக் கிராமத்து வரிப்பணம்தான் காப்பாற்ற வேண்டும். முழுக் கிராமமும் ஒருவருக்குச் சொந்தம் என்றால் அவருக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. வீடுகளை இடி. வீடு இல்லையென்றால் ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் வரி இல்லை. இப்படிப்பட்ட ஊருக்கு ‘மூடிய கிராமம்’ என்று பெயர். விரட்டப்பட்டவர்கள் பல சின்னச் சொந்தக்காரர்கள் இருந்த ‘திறந்த கிராம’த்துக்குப் போய், லாபத்துக்காகக் கட்டிய ஓட்டைக் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

ஹண்டரின் அறிக்கையில் இந்த இடம் முக்கியமானது. வீடுகள் குறைந்த 821 ஊர்களை அவர் எடுத்துக்கொண்டார். 1851க்கும் 1861க்கும் இடையில் அங்கே மக்கள்தொகை ஐந்தேகால் சதவீதத்துக்கு மேல் கூடியது. வீடுகளோ நாலரை சதவீதம் குறைந்தன. அலங்கார வீடுகள் கொண்ட ‘காட்சிக் கிராமங்கள்’ பற்றியும் அவர் எழுதினார். அங்கே குடியிருக்க விட்டது மேய்ப்பர், தோட்டக்காரர், வேட்டைக்காவலர் போன்ற நிலையான பணியாளர்களை மட்டும். அதே நிலத்தை உழுது அறுத்தவர்கள் மூன்று மைல், அதாவது 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த திறந்த கிராமத்திலிருந்து காலையில் நடந்து வந்து மாலையில் நடந்து போனார்கள். வரியை ஒற்றைக் கிராமத்தின் தலையிலிருந்து எடுத்துப் பல கிராமங்களின் ஒன்றியத்துக்கு மாற்றிய சட்டம் 1865இல்தான் வந்தது.

‘காட்சிக் கிராமம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை நான் திட்டுவதற்காக உருவாக்கவில்லை. அந்தக் காலத்தவரே புழங்கிய சொல் அது. நாம் இன்ஸ்டாகிராமில் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான். மூன்று மைல் தள்ளியிருந்த ஓட்டைக் குடிசைகள் இடிந்து மண்ணாகிவிட்டன, அவற்றுக்குப் படம் இல்லை. மிஞ்சி நின்றதை வைத்து ஒரு காலத்தை அளந்தால் அளவு இப்படித்தான் ஏமாற்றும்.

கட்டிய வீடு

இரண்டாவது கேள்வி, விலை.

தமிழில் ‘கட்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வீட்டைக் கட்டலாம், மாட்டையும் கட்டலாம். எஸ்டேட் காட்டேஜுக்கு இரண்டும் பொருந்தும். வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் வீட்டை ஆங்கிலேயரே ‘கட்டப்பட்ட காட்டேஜ்’ என்றுதான் சொல்வார்கள். வேலை போனால் வீடு போகும். எதிர்த்துப் பேசினால் வேலை போகும். ஆக, எதிர்த்துப் பேசினால் மனைவி பிள்ளையோடு பாயும் பானையும் தெருவுக்கு வரும். இதற்குப் போலீசோ சிறையோ தேவையில்லை. ஒரு அறிவிப்புத் தாள் போதும்.

விதிகளும் உண்டு. வெளியாளைத் தங்கவைக்கக் கூடாது என்பது பல எஸ்டேட்டுகளில் பொதுவான விதி. வாடகைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நாலு காசு பார்க்கும் வழி அடைந்தது. கல்யாணமான மகன் ஒரு மாசம் வந்து இருப்பதற்கும் மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று படுக்கையறையும் இந்த ஒழுங்கின் பகுதிதான். யார் எங்கே படுக்க வேண்டும் என்பது வரை வரைபடத்திலேயே முடிவாகிவிட்டது.

இதற்குச் சாட்சியாக ஒரு மனிதரைக் காட்டுகிறேன். ஜோசப் ஆர்ச், 1826இல் வாரிக்ஷயரின் பார்ஃபர்ட் கிராமத்தில் பிறந்தவர். வேலி வெட்டும் தொழிலாளி, மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்வார். 1872 பிப்ரவரி 7ஆம் தேதி இரவு, வெல்ஸ்போர்ன் என்ற ஊரில் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் கூடிய கூலிகள் முன் பேசினார். அந்த ஆண்டே தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆர்ச் அதன் தலைவரானார். 1885இல் நாடாளுமன்றம் போனார். கூலி வேலையிலிருந்து அங்கே போன முதல் விவசாயத் தொழிலாளி அவர்தான்.

ஆர்ச்சால் மட்டும் எப்படி முடிந்தது? பேச்சுத் திறமை, துணிச்சல், வேதப் படிப்பு, எல்லாம் உண்டு. ஆனால் இன்னொன்றும் உண்டு. பார்ஃபர்டில் அவர் குடியிருந்த வீடு அவர் குடும்பத்துக்குச் சொந்தம். எந்தப் பிரபுவின் பெயரெழுத்தும் அதன் சுவரில் இல்லை. அவர் மரத்தடியில் என்ன பேசினாலும் மறுநாள் காலையில் வீட்டைக் காலி செய் என்று சொல்ல ஆள் இல்லை. ரோஜாக் கொடி படர்ந்த எஸ்டேட் காட்டேஜில் அவர் பிறந்திருந்தால் இந்தச் சங்கத்தின் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1874இல் கிழக்கு மாவட்டங்களில் பண்ணைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை மறுத்து ஆயிரக்கணக்கானவர்களை வெளியே நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் இழுத்து, சங்கம் தோற்றது. அந்தக் காலப் போராட்டங்கள் முழுக்க வீட்டைக் காலி செய்யச் சொல்வது முதலாளி கையிலிருந்த ஆயுதங்களில் ஒன்று. இது ஏதோ பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். வேலையோடு கட்டிய வீட்டில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு உறுதியான சட்டப் பாதுகாப்பு தந்த வாடகைச் சட்டம் இங்கிலாந்தில் வந்தது 1976இல்.

சஃபோக்கிலுள்ள சாமர்லேட்டன் கதையும் இதில் சேர்த்தி. ரயில் பாதை ஒப்பந்தங்களில் பணம் குவித்த சாமுவேல் மார்ட்டன் பீட்டோ 1840களில் அந்த எஸ்டேட்டை வாங்கினார். நாடாளுமன்றக் கட்டடத்துக்குச் சிலை செதுக்கிய ஜான் தாமஸை வைத்து மாளிகையைப் புதுப்பித்து, பசும்புல் திடலைச் சுற்றி ஓவியம் மாதிரி ஒரு கிராமத்தையும் கட்டினார். 1863இல் விற்றுவிட்டார். வாங்கியவர் ஹாலிஃபாக்ஸ் கம்பள ஆலைக் குடும்பத்து ஃபிரான்சிஸ் கிராஸ்லி. திடலைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு ஒரு கையெழுத்தில் எஜமான் மாறினார். தோட்டத் துண்டாடல் காலத்தைப் பார்த்த நம் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

நாவல்காரர்களுக்குத் தெரிந்தது

இலக்கியம் வாசிக்கிற நாம் இதைக் கவனிக்காமல் போனதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் ஆங்கில நாவலே இதை நமக்கு முன்பே சொல்லிவிட்டது.

ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ 1871-72இல் வந்தது. அதன் நாயகி டோரதியாவை முதலில் பார்க்கும்போது அவள் தொழிலாளர் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். லௌடன் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறாள். அவளை மணக்க ஆசைப்படும் சர் ஜேம்ஸ் அந்த வரைபடத்தைத் தன் நிலத்தில் கட்டத் தொடங்குகிறார். ஆக, கூலிக்காரரின் வீடு அங்கே ஒரு காதல் பரிசு. டோரதியாவை எலியட் கேலி செய்யவில்லை, அவள் நல்ல மனதை மதிக்கிறார். ஆனால் பின்னால் டாக்லி என்ற குத்தகைக்காரரின் பாழடைந்த வீட்டைக் காட்டும்போது ஆசிரியர் குரலில் ஒரு ஊசி ஏறுகிறது. பாசி படிந்த கூரையும் உடைந்த ஜன்னலும் ஓவியனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லி, பிறர் கஷ்டத்தைக் கலைப்பொருளாக்கும் கண்ணைக் குத்திக் காட்டுகிறார். அடுத்த நிமிடம் டாக்லி வாய் திறந்து நிலக்காரரைக் கிழிக்கிறார். படத்திலிருந்த ஆள் பேசிவிட்டார். படம் கலைந்துவிட்டது.

தாமஸ் ஹார்டி எழுத்தாளராகும் முன் கட்டடக் கலைஞரிடம் பயின்று அந்தத் தொழிலைச் செய்தவர். கூரையும் சுவரும் அவருக்குத் தெரியும். 1891இல் வந்த ‘டெஸ்’ஸை நாம் பெண்ணின் துயரக் கதையாக மட்டும் படிக்கிறோம். அதன் திருப்புமுனை ஒன்று வீட்டு ஒப்பந்தம். டெஸ்ஸின் குடும்பம் இருந்த வீடு மூன்று பேர் ஆயுள்வரை என்ற கணக்கில் பிடித்தது. அப்பா மூன்றாவது ஆள். அவர் செத்ததும் ஒப்பந்தம் முடிந்தது. வீடு வேறு கூலிகளுக்குத் தேவை என்று குடும்பம் வெளியேற்றப்படுகிறது. சாமான்களை வண்டியில் ஏற்றி ஊர்விட்டு ஊர் போய், தங்க இடமில்லாமல் தேவாலயச் சுவரோரம் கட்டிலைப் போடுகிறார்கள். அந்த நிலையில்தான் டெஸ் அந்தப் பணக்காரனிடம் திரும்பப் போகிறாள். சாவி அவர்கள் கையில் இருந்திருந்தால் கதை வேறு.

வேறு மாதிரியும் கட்டினார்கள்

“அந்தக் காலத்தில் வேறு வழி இருந்ததா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 1840களில் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் ஃபெர்கஸ் ஓ’கானர் ஒரு நிலக் கம்பெனி தொடங்கினார். நெசவாளரும் தையற்காரரும் சுரங்கத் தொழிலாளரும் சில்லறைச் சில்லறையாகப் பணம் கட்டினார்கள். சுமார் 70,000 பேர். அந்தப் பணத்தில் ஓ’கானர்வில், லோபேண்ட்ஸ், சார்ட்டர்வில், ஸ்னிக்ஸ் எண்ட், கிரேட் டாட்ஃபர்ட் என்று ஐந்து இடங்களில் நிலம் வாங்கி, ஏறத்தாழ 250 வீடுகள் கட்டினார்கள். வீட்டோடு இரண்டு முதல் நான்கு ஏக்கர் நிலம். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கல்.

அந்த வீடுகளைப் பாருங்கள். ஒற்றை மாடி. எல்லாம் ஒரே அச்சு. வாசலுக்கு மேல் ஒரு சின்ன முக்கோணம், அவ்வளவுதான் அலங்காரம். சுவிஸும் இல்லை, இத்தாலியும் இல்லை. காலண்டரில் போடமாட்டார்கள். திட்டம் கணக்குக் குளறுபடியாலும் சட்டச் சிக்கலாலும் தள்ளாடி 1851இல் கலைக்கப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த எளிய வீட்டில் ஒரு யோசனை இருக்கிறது. எஜமானின் கண்ணுக்காக அங்கே ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. (மலேசிய வாசகருக்கு 1960 நினைவுக்கு வரலாம். துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் சேமிப்பிலேயே தோட்டங்களை வாங்கவைத்தது அப்போதுதான்.)

டார்செட்டில் டால்பட்டில் கிராமம் இன்னொரு சாட்சி. சங்கம் சேர்க்கச் சத்தியம் வாங்கினார்கள் என்று 1834இல் ஆறு கூலிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். பொதுமக்கள் எதிர்ப்பில் பிறகு மன்னிப்புக் கிடைத்தது. அவர்களில் ஊருக்கே திரும்பி வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹேம்மெட் மட்டும். அவர் 1891இல் செத்தது ஏழைகள் விடுதியில். நூறாண்டு நினைவாக 1934இல் தொழிற்சங்கங்கள் அந்த ஊரில் ஆறு வீடுகள் கட்டின, ஓய்வுபெற்ற விவசாயத் தொழிலாளருக்காக. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஆறு பேரில் ஒருவர் பெயர். பிரபுவின் பெயரெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கூலிக்காரரின் முழுப்பெயர்.

‘குடுத்தாங்க’

இப்போது நம் லயத்துக்கு வருகிறேன். என் பாட்டி கடைசிவரை ஒரே வாக்கியத்தைச் சொல்வார். “துரை வீடு குடுத்தாரு, தண்ணி குடுத்தாரு.” முப்பது வருஷம் பால் வெட்டிய கை அது. தோட்டம் கைமாறியபோது அதே வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்தது. அப்போதும் பாட்டி “வீட்டை எடுத்துக்கிட்டாங்க” என்றார். கொடுத்ததை எடுத்துக்கொண்டார்கள் என்று அவருக்கு அது நேராகவே தெரிந்தது.

வினைச்சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. குறைந்த கூலியில் வெட்டி எடுத்த மிச்சத்தைத்தான் வீடாகத் திருப்பித் தந்தார்கள், அதுவும் சாவியைத் தங்கள் பையில் வைத்துக்கொண்டு. டெர்பிஷயரில் அந்த வீட்டுக்கு டியூடர் புகைபோக்கி வைத்தார்கள். இங்கே தகரம் போட்டார்கள். தகரம் போட்டதில் இனவெறி இருந்தது, காலனிய அலட்சியம் இருந்தது, கடல் கடந்து வந்தவரைத் திரும்பிப் போகிறவராகவே நடத்திய கணக்கும் இருந்தது. இந்த வேறுபாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லயத்தில் குழந்தைகள் செத்ததற்கும் எடென்சர் ஜன்னலில் வெளிச்சம் குறைந்ததற்கும் நடுவே சமன் போட்டால் அது அயோக்கியத்தனம். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பூட்டு ஒன்றுதான். ‘அவனுக்கு அழகான வீடு, நமக்கு அசிங்கமான வீடு’ என்று மட்டும் பேசினால் கூரையைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் பூட்டை விட்டுவிடுகிறோம்.

இதில் இன்றைக்கும் பணயம் இருக்கிறது. தோட்டப் பழமையை ரிசார்ட்டாகவும் உணவகமாகவும் அலங்கரித்து விற்கும் காலம் இது. நாளைக்கு யாராவது லயத்துக்கு வெள்ளையடித்து, முன்னால் செம்பருத்தி நட்டு, ‘பாரம்பரியத் தங்கல்’ என்று பலகை மாட்டுவார்கள். நாமும் போய்ப் படம் எடுத்துக்கொள்வோம். நம் எழுத்தாளர்கள் சிலர் அதை ஏற்கெனவே எழுத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள். மழை விழும் தகரக் கூரையின் சங்கீதம், ஆறாம் நம்பர் வீட்டுக் கறிக்குழம்பு வாசனை என்று பக்கம் பக்கமாக ஏக்கம். காலி செய்யச் சொன்ன தாள் மட்டும் கதையில் வராது. டாக்லி வாய் திறக்காத ‘மிடில்மார்ச்’ அது.

இளைய எழுத்தாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டை அழகாக வருணியுங்கள், ரோஜாக் கொடியையும் விடாதீர்கள். ஆனால் கதையில் ஒரு வீடு வந்தால் அதன் வாடகை எவ்வளவு, யாருக்குக் கட்டினார்கள், வேலை போன மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே படுத்தது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வாசிக்கிறவர்கள் அடுத்த முறை அந்தப் படத்துக்கு இதயம் போடுமுன், சுவரில் பதித்த கல்லில் யார் பெயரெழுத்து இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.